கட்டுவிரியனின் சுருண்ட குரோமோசோம்

ஜவளகிரிப் பக்கம் ராகி அறுவடை முடிந்ததும் களத்தோரத்தில் தாளைப் போராக அடுக்கி வைப்பார்கள். மாட்டுக்குத் தாள் உருவப் போகும் பிள்ளைகளிடம், "சட்டென்று கையை விடாதே, கோலால் தட்டிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். எலியைத் தேடிக் கட்டுவிரியன் போருக்குள் புகுந்திருக்கலாம் என்பதே காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் மாணவர்களே, இங்கே நாம் அதன் நஞ்சைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதன் செல்லுக்குள் கிடக்கும் ஒரு சுருளைப் பற்றிப் பேசப் போகிறோம்.

மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்ற இரு பால் குரோமோசோம்களும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் உள்ளன என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான பாம்புகளில் இந்த ஏற்பாடு தலைகீழ். ஆணுக்கு ஒரே மாதிரியான இரண்டு 'இசட்'. பெண்ணுக்கு ஓர் 'இசட்', ஒரு 'டபிள்யூ'. நம் ஊர்க் கட்டுவிரியன் இதிலும் ஒரு படி மேலே போகிறது. அதன் பெண்ணுக்கு டபிள்யூ குரோமோசோம் இரண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்த லால்ஜி சிங் என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர்களும் 1970-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

நாகம், விரியன் போன்ற வளர்ச்சி பெற்ற பாம்புகளில் இந்த டபிள்யூ குரோமோசோம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. மூளை, ஈரல் போன்ற உறுப்புகளின் செல்களில் அது இறுகச் சுருண்டு, சாயம் ஏற்றிப் பார்த்தால் உட்கருவில் ஒரு கரும்புள்ளியாகத் தெரிகிறது. முட்டையாக வளர்ந்துவரும் செல்லிலோ அதே குரோமோசோம் அவிழ்ந்து விரிந்திருக்கிறது. ஒரே உடல், ஒரே குரோமோசோம். ஓரிடத்தில் சுருள், மற்றோரிடத்தில் விரிவு. யார் சுருட்டுகிறார்கள்? யார் அவிழ்க்கிறார்கள்?

இயற்பியல் சொல்லித் தருபவனுக்குப் பாம்பின் உட்கருவில் என்ன வேலை என்று கேட்கலாம். சுருட்டுவதும் அவிழ்ப்பதும் விசைகளின் வேலைதானே!

முதலில் ஒரு கணக்கு. மனிதச் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வில் சுமார் 640 கோடி இணைக் காரங்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரு இணைகளுக்கு இடையே உள்ள தூரம் 0.34 நானோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 2.2 மீட்டர் வரும். இந்த நூல் முழுவதும், 46 துண்டுகளாக, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு விட்டமுள்ள உட்கருவுக்குள் அடங்க வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால், நல்ல கூடு ஒன்றில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு இழை இருக்கும் என்பார்கள். கூட்டின் நீளம் மூன்று, நான்கு சென்டிமீட்டர். அங்கே இழையின் நீளம் கூட்டைப் போல முப்பதாயிரம் மடங்கு. இங்கே நூலின் நீளம் உட்கருவைப் போல மூன்று லட்சம் மடங்குக்கும் அதிகம். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டுப் பசையை இளக்கினால்தான் இழையை எடுக்க முடியும். செல்லுக்கு அந்த வசதி கிடையாது. சுருளைக் குலைக்காமலேயே, வேண்டிய ஜீன் இருக்கும் இடத்தை மட்டும் வேண்டிய நேரத்தில் அவிழ்த்துப் படித்துவிட்டு மறுபடி மூட வேண்டும்.

இதற்கான அடிப்படை ஏற்பாட்டை 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க் விளக்கினார். ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளை ஆகின்றன. அதன்மேல் 147 இணைக் காரங்கள் நீளமுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 1.65 சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஹிஸ்டோனுக்கு நேர்மின்னூட்டம். எனவே இரண்டும் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. இப்படிச் சுற்றப்பட்ட உருண்டைகள் மணிமாலைபோல் தொடர்வதைத்தான் குரோமேட்டின் என்கிறோம். மாலை தளர்வாக உள்ள பகுதியில் ஜீன்கள் வேலை செய்யும். இறுகிக் கிடக்கும் பகுதிக்கு ஹெட்டிரோகுரோமேட்டின் என்று பெயர். பாசிச் செடிகளின் செல்களைச் சாயமேற்றிப் பார்த்த ஜெர்மானியர் எமில் ஹைட்ஸ் 1928-லேயே சூட்டிய பெயர் இது. நம் பாம்பின் டபிள்யூ இவ்வகைதான்.

இறுகிய பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? இதற்கு முதல் விடை கிடைத்தது மைய விலக்கச் சுழலியில். சீசியம் உப்பின் கரைசலை மிக வேகமாகச் சுழற்றினால், குழாயின் அடியில் அடர்த்தி மிகுந்தும் மேலே குறைந்தும் ஒரு சரிவு உண்டாகும். அதில் டி.என்.ஏ.வைப் போட்டால், தன் அடர்த்திக்கு ஒத்த உயரத்தில் போய் நிற்கும். அடினைனும் தைமினும் மிகுந்த துண்டு சற்று மேலே நிற்கும். குவானினும் சைட்டோசினும் மிகுந்தது சற்றுக் கீழே. சுண்டெலியின் டி.என்.ஏ.வை 1960-களின் தொடக்கத்தில் இப்படிச் சுழற்றியபோது, பெரிய பட்டை ஒன்றும் அதன் பக்கத்தில் சிறிய பட்டை ஒன்றும் தெரிந்தன. கோளைச் சுற்றும் துணைக்கோளைப்போல் இருந்ததால் சிறியதற்குத் 'துணைக்கோள் டி.என்.ஏ.' என்று பெயர் வந்தது. அதில் ஒரே வரிசை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவது பின்னர் தெரிந்தது. 1970-ல், எடின்பரோவில் கென் ஜோன்ஸும், அமெரிக்காவில் மேரி லூ பார்டியூ, ஜோசப் கால் ஆகிய இருவரும் தனித்தனியே, இந்தத் துணைக்கோள் வரிசை ஹெட்டிரோகுரோமேட்டினில்தான் குவிந்திருக்கிறது என்று காட்டினார்கள்.

ஒரே சொல்லையே லட்சம் தடவை எழுதிய புத்தகத்தை யார் மதிப்பார்கள்? 1972-ல் சுசுமு ஓனோ, டி.என்.ஏ.வின் பெரும்பகுதியைக் 'குப்பை' என்றே எழுதினார். பாம்புகளின் இசட், டபிள்யூ குரோமோசோம்களை ஒப்பிட்டு, பால் குரோமோசோம்கள் எப்படிப் பரிணமித்தன என்று 1967-லேயே நூல் எழுதியவரும் இதே ஓனோதான். அந்தப் பாம்புகளே பிறகு அவருடைய சொல்லுக்கு ஒரு கேள்விக்குறியைப் போட்டன.

லால்ஜி சிங் 1974-ல் எடின்பரோவுக்கு, அதே ஜோன்ஸின் ஆய்வகத்துக்குச் சென்றார். அவர் எடுத்துக்கொண்டது பட்டைக் கட்டுவிரியன். மஞ்சளும் கறுப்புமாக அகலப் பட்டைகள் போட்ட வடகிழக்கு இந்தியப் பாம்பு, நம்முடைய கட்டுவிரியனுக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் பெண் டி.என்.ஏ.விலிருந்து ஒரு சிறு துணைக்கோள் பட்டையைப் பிரித்தெடுத்தார்கள். 1980-ல் வெளியான இது 'பி.கே.எம்.' எனப்படுகிறது. நான்கு காரங்களையும் வசதிக்காக அ, தை, கு, சை என்று குறித்துக்கொண்டால், பி.கே.எம்.மில் பெரும்பாலும் காணப்படுவது 'கு-அ-தை-அ, கு-அ-தை-அ, கு-அ-தை-அ...' என்னும் தொடர், இடையிடையே 'கு-அ-சை-அ'. இவ்வளவுதான். ஆனால் இது பாம்பின் டபிள்யூ குரோமோசோமில் செறிந்து கிடந்தது. சுண்டெலியின் டி.என்.ஏ.வில் தேடினால் அதன் ஒய் குரோமோசோமிலும் கிடந்தது!

இது தற்செயலாக இருக்கலாமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்தால், 'கு-அ-தை-அ' என்பது சராசரியாக 4 × 4 × 4 × 4, அதாவது 256 எழுத்துகளுக்கு ஒருமுறை வரும். அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அதுவே தொடர்ந்து பத்து முறை வர வேண்டுமானால், நாலை நாற்பது முறை பெருக்க வேண்டும். 1-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அளவுக்கு எழுத்துகள் வேண்டும். மனித டி.என்.ஏ.வின் ஒரு தொகுதியில் இருப்பதோ சுமார் 320 கோடி எழுத்துகளே. ஆகவே குருட்டு இறைப்பு அல்ல. அதற்காக, பயன் இருப்பதால்தான் வந்தது என்றும் தாவிவிடக் கூடாது. ஒரே சொல் அடுத்தடுத்து வரும் வரியைப் பார்த்து எழுதும் பையன் இடம் தவறி இரண்டு சொல் கூடுதலாக எழுதிவிடுகிறானே, டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போதும் அதே வழுக்கல் நடக்கிறது. நீள்வதற்கு அது போதும். நீண்டதை உயிர் ஏன் இத்தனை காலம் வைத்திருக்கிறது என்பதே நல்ல கேள்வி.

பால் குரோமோசோமில் செறிந்திருப்பதால், ஆண் பெண் என்று தீர்மானிப்பதே இந்த வரிசைதானோ என்று 1980-களில் சிலர் கருதினார்கள். ஆசை காட்டும் கருத்து. 1990-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒய் குரோமோசோமில் 'எஸ்.ஆர்.ஒய்.' என்ற ஜீனைக் கண்டுபிடித்தபோது, பாலூட்டிகளில் ஆண்மையைத் தொடங்கி வைப்பது அந்த ஜீனே என்பது தெளிவாயிற்று. பி.கே.எம். அந்தப் பதவியை இழந்தது. ஆனால் கருத்துத் தோற்றதால் கண்டது பொய்யாகிவிடாது. டபிள்யூ குரோமோசோம் ஈரலில் சுருண்டும் முட்டைச் செல்லில் விரிந்தும் இருப்பது அப்படியே நின்றது.

இடையில் இந்த வரிசைக்கு வேறொரு வேலை கிடைத்தது. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், ஆளை அடையாளம் காண இது உதவும். 1987-ல் நாடு திரும்பிய லால்ஜி சிங், ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் பி.கே.எம்.மைத் துருவியாகக் கொண்டு டி.என்.ஏ. ரேகைப்பதிவு முறையை உருவாக்கினார். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் டி.என்.ஏ. சோதனைகள் நடந்தது அந்த மையத்தில்தான். நம் மாநிலத்து வழக்கொன்றுக்குப் பாம்பு வழியே பிறந்த கலை உதவியது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் கேள்விக்குத் திரும்புவோம்.

டி.என்.ஏ. தானாகச் சுருளவும் அவிழவும் முடிவு செய்யாது. அதன்மீது வந்து அமரும் புரதங்களே அதைச் செய்ய வேண்டும். அப்படியானால் 'கு-அ-தை-அ' வரிசையைத் தேடிப் பிடிக்கும் புரதம் ஏதாவது உண்டா? 1994-ல் ஹைதராபாத் குழுவினர் அப்படி ஒன்றைக் கண்டார்கள். அதை அவர்கள் தேடிய இடங்களில் முக்கியமானவை இரண்டு: பெண் பாம்பின் சூலகம், ஆண் எலியின் விந்தகம். அதாவது, இருவேறு பால் குரோமோசோம்களை உடைய பாலினத்தின் இனப்பெருக்கச் செல்கள். டபிள்யூவோ ஒய்யோ அவிழும் அதே இடத்தில் இந்தப் புரதம் காணப்படுகிறது! வரிசை நெடுகிலும் இப்புரதம் அமர்வதால் குரோமோசோம் முழுவதும் ஒருங்கே அவிழ்கிறது போலும் என்று அவர்கள் கருதினார்கள். ஓரிடத்தில் இருப்பது மட்டும் குற்றத்தை நிரூபிக்காது என்று வக்கீல்கள் சொல்வார்கள். இங்கும் அதே எச்சரிக்கை தேவை. என்றாலும் இது வலுவான துப்பு.

புரதம் எப்படி வரிசையைக் 'கண்டுகொள்கிறது'? டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு காரமும் தன் விளிம்பில் உள்ள ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களைப் பள்ளத்தில் ஒருவித ஒழுங்கில் காட்டுகிறது. அதற்குப் பொருந்தும் மேடுபள்ளம் புரதத்தில் இருந்தால் பூட்டில் சாவிபோல் அமரும். இந்தப் பிடிப்பு பலவீனமானது. வெப்ப அசைவிலேயே விட்டுப்போகும். ஜவளகிரிக் காட்டோரம் நடந்துவிட்டு வந்து வேட்டியைப் பாருங்கள்: நாயுருவி விதைகள் ஒட்டியிருக்கும். ஒரு விதையை விரலால் தட்டிவிடலாம். நூறு விதை ஒட்டிவிட்டாலோ உட்கார்ந்து பிடுங்க வேண்டியதுதான். திரும்ப வரும் வரிசையின் பலம் இங்கேதான் இருக்கிறது. புரதம் அமர ஓர் இருக்கையல்ல, ஒரே மாதிரியான ஆயிரம் இருக்கைகளை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறது. அங்கே அமரும் புரதங்களுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தன்மையும் இருந்துவிட்டால், தனித்தனியே வலுவற்ற பிடிகள் கூடி, எளிதில் குலையாத கட்டாகிவிடும்.

1986-ல் சாரா எல்ஜினின் ஆய்வகத்தில் பழ ஈயின் செல்லில் கண்டறியப்பட்ட 'எச்.பி.1' என்ற புரதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது டி.என்.ஏ.வின் எழுத்தைப் படிப்பதில்லை. ஹிஸ்டோனின் வாலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீதைல் தொகுதி ஒட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்கிறது. மறுகையால் இன்னொரு எச்.பி.1-ஐப் பிடிக்கிறது. ஆகவே பக்கத்துப் பக்கத்து உருண்டைகள் நெருங்கி இறுகுகின்றன. இறுக்கம் பக்கவாட்டில் பரவவும் செய்யும். பழ ஈயின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் ஜீன், குரோமோசோம் முறிவால் ஹெட்டிரோகுரோமேட்டினுக்குப் பக்கத்தில் போய்விட்டால், கண் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக ஆகிவிடுகிறது. 1930-ல் முல்லர் கண்ட காட்சி இது. ஜீனில் ஒரு பழுதும் இல்லை. அண்டை வீட்டுச் சுருள் சில செல்களில் அதையும் மூடிவிட்டது, அவ்வளவே.

திரும்ப வரும் வரிசையில் அமரும் இரு வேறு புரதங்கள் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான விடை அண்மையில்தான் வந்தது. அதுவும் பழ ஈயிலிருந்தே. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யமாஷிடாவின் குழுவினர் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் இதை வெளியிட்டார்கள். ஈயில் 'டி-1' என்று ஒரு புரதம். அது 'அ-அ-தை-அ-தை' என்னும் துணைக்கோள் வரிசையில் அமர்கிறது. இவ்வரிசை பெரும்பாலும் எக்ஸ், ஒய், நான்காம் குரோமோசோம்களில் உள்ளது. 'புராட்' என்ற இன்னொரு புரதம், 'அ-அ-தை-அ-அ-சை-அ-தை-அ-கு' என்ற வேறொரு வரிசையில் அமர்கிறது. இது இரண்டாம், மூன்றாம் குரோமோசோம்களில் உள்ளது. டி-1 தன் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. புராட் தன்னுடையவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. டி-1-உம் புராட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள, குரோமோசோம்கள் அனைத்தும் ஒரே கொத்தாகின்றன.

கொத்தாக இருப்பதால் என்ன லாபம்? டி-1 இல்லாத ஈக்களில் பார்த்தார்கள். கொத்து அவிழ்ந்துவிட்டது. அவிழ்ந்த குரோமோசோம் ஒன்று உட்கருவின் ஓரத்தில் மொட்டுப்போல் புடைத்து வெளியேறி, தனியே ஒரு குட்டி உட்கருவாக ஒதுங்கியது. அப்படி ஒதுங்கியதில் டி.என்.ஏ. சிதைந்தது, செல் இறந்தது. சுண்டெலிச் செல்லில் இதே வேலையைச் செய்யும் 'எச்.எம்.ஜி.ஏ.1' என்ற புரதத்தைக் குறைத்தபோதும் இதே கதிதான். ஈயில் டி-1, புராட் இரண்டையும் ஒருசேர நீக்கியபோது கரு வளர்ச்சியைத் தாண்டவே இல்லை, முட்டைக்குள்ளேயே மடிந்தது. குப்பை என்று ஒதுக்கிய வரிசைகள்தாம், குரோமோசோம்கள் ஒன்றாக ஒரே உட்கருவில் இருக்கப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளாக இருந்திருக்கின்றன. திரும்ப வரும் வரிசை எல்லாவற்றுக்கும் இப்படி வேலை உண்டு என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது அவசரம். டி.என்.ஏ.வில் உண்மையிலேயே சும்மா கிடப்பதும் நிறைய உண்டு என்பதே என் எண்ணம். எது கைப்பிடி, எது வெறும் சும்மாடு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பி.கே.எம்.முக்கு அப்படி ஒரு சோதனை நடந்தது. ராகேஷ் மிஸ்ராவின் குழு, அதே ஹைதராபாத் மையத்தில். குரோமோசோமில் ஒரு ஜீனைத் தூண்டிவிடும் பகுதி, சில சமயம் ஜீனிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும். அந்தத் தூண்டுகோல் பக்கத்து வயலுக்குப் பாயும் நீர்போல, தேவையில்லாத ஜீனையும் தூண்டிவிடக் கூடாது. ஆகவே இடையில் வரப்பு வேண்டும். ஜீனுக்கும் அதன் தூண்டுகோலுக்கும் நடுவில் 'கு-அ-தை-அ' தொடர் ஒன்றைச் செருகினார்கள். ஜீன் அடங்கிற்று. ஈயிலும் அப்படி, மனிதச் செல்லிலும் அப்படி. 2013-ல் வெளியான இந்த முடிவின்படி, பாம்பிலிருந்து வந்த அந்த நாலெழுத்துத் தொடர் வரப்பாக வேலை செய்கிறது.

மனிதக் குரோமோசோம்களில் இந்த வரப்புகள் எங்கெங்கே உள்ளன என்று லால்ஜி சிங்கும் மிஸ்ராவும் 2003-லேயே கணினியில் எண்ணிப் பார்த்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு முறை தொடரும் 'கு-அ-தை-அ' மிகச் செறிந்திருந்தது ஒய் குரோமோசோமில். கட்டுவிரியனின் டபிள்யூவுக்கு நம்மிடம் உள்ள நேர்த் துணை எதுவோ, அதில்.